முகத்தைப் பிடிக்காத கமரா: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

முகூர்த்த நாட்கள் நெருங்கும் மாதங்களில் என் மேசைக்குக் கமராக்கள் வந்து சேரும். கொண்டு வருபவர்கள் யாழ்ப்பாணத்துக் கொக்குவில், மானிப்பாய், சுன்னாகம் பக்கத்துச் சிறிய ஸ்ரூடியோக்களில் வேலை செய்யும் தம்பிமார். சிலவேளை, வெளிநாட்டு மாமா வாங்கிக் கொடுத்த கமராவைத் தூக்கிக்கொண்டு பல்கலைக்கழகப் பிள்ளைகளும் வருவார்கள். முறைப்பாடு ஒன்றுதான்: "அண்ணை, முகத்தைப் பிடிக்கவில்லை", அல்லது "கண்ணில் கட்டம் விழுகிறது, படம் தெளிவில்லை". கட்டம் என்பது, கமரா கண்டுபிடித்த முகத்தையோ கண்ணையோ சுற்றித் திரையில் காட்டும் சதுரம். பழுதுபார்க்கக் கொழும்புக்கு அனுப்பப் பொதி கட்டிவிட்டு, கடைசியாக ஒருமுறை காட்டிப் பார்ப்போம் என்று வந்தவர்களும் உண்டு. அந்தக் கமராக்களில் பெரும்பாலானவை அன்று மாலையே வீடு திரும்பின. பிழை ஒரு சுவிட்சிலோ மெனுவிலோ மண்டபத்து வெளிச்சத்திலோ இருந்தது. கமரா கையில் இல்லாமல் ஒரு கலியாணம் கைவிட்டுப் போனால் அந்தப் பணம் திரும்பி வராது. அதனால் நான் பார்க்கும் ஒழுங்கை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் முற்றத்துச் சோதனை

எந்த அறிகுறியாக இருந்தாலும் இதைச் செய்யாமல் மேலே போக வேண்டாம். காலை ஒன்பது, பத்து மணிக்கு வீட்டு விறாந்தையிலோ மாமர நிழலிலோ ஒருவரை வெளிச்சத்தைப் பார்த்தபடி நிறுத்துங்கள். கண்ணாடியைக் கழற்றச் சொல்லுங்கள். இரண்டு மீற்றர் தூரத்தில் நில்லுங்கள். அப்பேச்சர் (லென்ஸ் துளையின் அளவு) எஃப்/4, ஷட்டர் 1/250 வினாடி, தொடர் போகஸ் (ஆள் அசைய அசையப் பின்தொடரும் முறை), போகஸ் பரப்பு முழுத்திரை, கண்டறியும் பொருள் மனிதர். பத்துப் படம் எடுத்து, கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

பத்தும் தெளிவாக இருந்தால் கமராவின் உடலும் லென்ஸும் நலம். பிழை நீங்கள் படம் எடுக்கும் இடத்திலும் வைத்திருக்கும் செட்டிங்கிலும் இருக்கிறது. தெளிவில்லை என்றால், செட்டிங்குகளைக் குறித்துவைத்துக்கொண்டு கமராவை முழுமையாக ரீசெட் செய்து மறுபடி எடுங்கள். அப்போதும் சரிவராவிட்டால் நண்பரிடம் வேறொரு லென்ஸ் வாங்கிப் பொருத்திப் பாருங்கள். புது லென்ஸில் சரியாக வந்தால் பழுது உங்கள் லென்ஸில். இரண்டிலும் பிழைத்தால் உடலில். இந்த ஒரு விடையை வைத்துக்கொண்டு பழுதுபார்ப்பவரிடம் போனால் பாதி வேலை முடிந்துவிடும்.

அறிகுறி 1: முகத்தில் கட்டமே விழவில்லை

அரைவாசி அழுத்தினாலும் போகஸ் அசையவில்லை என்றால்:

லென்ஸின் பக்கவாட்டில் உள்ள சுவிட்சைப் பாருங்கள். பைக்குள் உராய்ந்து அது கைமுறைப் பக்கம் தள்ளுப்பட்டிருக்கும். நான் பார்த்த "பழுதுகளில்" அதிகமானது இதுதான். சில பியூஜி மொடல்களில் கமராவின் முன்பக்கத்திலேயே போகஸ் முறையை மாற்றும் குமிழ் இருக்கிறது. அதுவும் விரல் பட்டால் திரும்பிவிடும். இரண்டும் சரியென்றால், யாராவது போகஸைப் பின்பக்கப் பொத்தானுக்கு மாற்றி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஸ்ரூடியோவில் இரண்டு பேர் ஒரே கமராவைப் பாவித்தால் இது அடிக்கடி நடக்கும். பின்பொத்தானை அழுத்தும்போது போகஸ் வேலை செய்தால் கமராவில் ஒரு குறையும் இல்லை.

70-200 போன்ற நீள லென்ஸ்களில் தூர எல்லைச் சுவிட்சு ஒன்றும் உண்டு. அதை 2.5 மீற்றருக்கு அப்பால் என்று வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்கும் மணமகளை எடுக்கப் போனால் லென்ஸ் அந்தத் தூரத்துக்கு வரவே வராது. அதுபோல ஒவ்வொரு லென்ஸுக்கும் கிட்டிய எல்லை ஒன்று இருக்கிறது. 85 மி.மீ. லென்ஸ்கள் பலவற்றுக்கு அது 80 சென்ரிமீற்றர் அளவில் வரும். ஒரு எட்டுப் பின்னால் போய்ப் பாருங்கள்.

போகஸ் அசைகிறது, முகக் கட்டம் மட்டும் இல்லை என்றால்:

கண்டறியும் பொருள் எதில் நிற்கிறது? 2020க்குப் பின் வந்த கமராக்களில் மனிதர், விலங்கு, பறவை, வாகனம் என்று தனித்தனியே தெரிவு செய்யலாம். கடைசியாக நாயைப் படமெடுத்துவிட்டு விலங்கிலேயே விட்டிருப்பார்கள். பியூஜி எக்ஸ்-டி5, எக்ஸ்-எச்2 ஆகியவற்றில் விலங்கு, பறவை போன்ற பொருள் கண்டறிதலைப் போட்டால் முகம் கண்டறிதல் தானாக அணைந்துவிடும்.

நிக்கொன் இசட்6, இசட்7 முதற் பதிப்புகளில் முகமும் கண்ணும் முழுத்திரைப் பரப்பில் மட்டுமே வேலை செய்யும். ஒற்றைப் புள்ளியில் வைத்துக்கொண்டு காத்திருந்தால் கட்டம் வராது. அந்தக் கமராக்களுக்குக் கண் கண்டறிதலே 2019 மே மாதத்து ஃபேர்ம்வெயார் (கமராவுக்குள் இயங்கும் மென்பொருள்) 2.0 உடன்தான் வந்தது. பழைய ஃபேர்ம்வெயாருடன் கைமாறிய கமராவாக இருந்தால் முதலில் அதைப் புதுப்பியுங்கள். புதுப்பிக்கும்போது பற்றரி முழுதாக ஏறியிருக்க வேண்டும், இடையில் அணைக்கக் கூடாது.

டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த பழைய வகைக் கமரா) வைத்திருப்பவர்கள் கவனிக்க: பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்களில் வியூஃபைண்டருக்குள்ளால் பார்க்கும்போது முகம் கண்டறிதல் இல்லை. லைவ் வியூவுக்கு மாறி, பின்திரையில் பாருங்கள். வியூஃபைண்டரிலும் செய்யும் மொடல்கள் ஒருசில இருக்கின்றன.

டிஜிட்டல் சூம் போட்டிருந்தாலும், போகஸ் உருப்பெருக்கியை இயக்கியிருந்தாலும் பல சோனிகளில் முகம் கண்டறிதல் நின்றுவிடும். கட்டம் காட்டுவதை மட்டும் அணைத்துவைக்கும் மெனு வரியும் உண்டு: கமரா முகத்தைச் சரியாகப் பிடிக்கும், உங்களுக்குத்தான் தெரியாது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் விளங்கிவிடும்.

இவ்வளவும் பார்த்து, ரீசெட் செய்து, இரண்டு லென்ஸ் மாற்றியும் போகஸ் அசையாவிட்டால் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

அறிகுறி 2: முகத்தைப் பிடிக்கிறது, கண்ணைப் பிடிக்கவில்லை

முகம் திரையில் மிகச் சிறிதாக இருக்கிறதா? கிட்டப் போங்கள். பக்கவாட்டு முகமா, கண்ணில் முடி விழுந்திருக்கிறதா, கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் பளபளக்கிறதா? கண்ணாடி போட்டவரின் நாடியைச் சற்றுத் தாழ்த்தச் சொன்னால் பளபளப்பு விலகும். உச்சி வெயிலில் கண்குழி கறுத்துவிடுவதால் கண் தொலைந்து போகும். பன்னிரண்டு மணிக்குக் கோட்டை மதிலில் வைத்து எடுப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

அடுத்தது கமராவின் வயது. 2019க்கு முந்திய பல சோனிகளில் கண் போகஸுக்குத் தனிப் பொத்தான் ஒதுக்கி, அதை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். ஏ7 மார்க் 3 வைத்திருப்பவர்கள் ஃபேர்ம்வெயார் 3.0 அல்லது அதற்குப் பிந்தியதைப் போட்டால் ஷட்டர் பொத்தானை அரைவாசி அழுத்துவதிலேயே அது வேலை செய்யும். கெனன் எம்50 முதற் பதிப்பில் கண் கண்டறிதல் வன் ஷொட் (ஒருமுறை பூட்டும் போகஸ்) முறையில் மட்டுமே. சேர்வோவில் (தொடர் போகஸில்) வைத்துக்கொண்டு கண் கட்டத்தைத் தேடி அலைந்த எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். அது பழுதல்ல, அந்தக் கமராவின் எல்லை.

வலக் கண், இடக் கண், தானியங்கி என்ற தெரிவைத் தானியங்கியில் விடுங்கள்.

அறிகுறி 3: கட்டம் வேறு முகத்துக்குத் தாவுகிறது

யாழ்ப்பாணத்து மண்டபங்களில் படம் எடுப்பவர்களுக்கு இதைப்போலத் தலையிடி வேறில்லை.

மானிப்பாயில் ஒரு சாமத்திய வீடு (பூப்புனித நீராட்டு விழா). மேடையின் பின்னால் பத்தடி உயரத்தில் பிள்ளையின் படத்தையே அச்சடித்த பனர். முன்னால் பிள்ளை நிற்கிறாள், ஆலாத்தித் தட்டைச் சுற்றுகிறார்கள், அவள் குனிந்து தட்டைப் பார்க்கிறாள். பனரில் இருந்த முகமோ நேரே பார்க்கிறது, பெரியது, சமமான வெளிச்சத்தில் இருக்கிறது, கண்ணிமைக்கவில்லை. கமரா எதைத் தெரிவு செய்யும்? மறுநாள் அந்தத் தம்பி என் மேசையில் கணினியைத் திறந்து காட்டியபோது பனரின் கண்ணிமை மயிர் ஒவ்வொன்றும் எண்ணிவிடலாம் போல இருந்தது. பிள்ளையின் முகம் பால்போல மங்கியிருந்தது. ஏறக்குறைய நாற்பது படம். ஆலாத்தியை மறுபடி எடுக்க முடியுமா?

கமராவில் பழுதில்லை. அது பெரிய, நேரான, தெளிவான முகத்தை விரும்புகிறது. கோபுரத்துச் சுதைச் சிற்பம், சுவரில் மாலை போட்ட தாத்தாவின் படம், கட்அவுட், எல்லாம் அதற்கு முகம்தான். செய்யவேண்டியவை, சுலபத்திலிருந்து:

போகஸ் பரப்பை முழுத்திரையிலிருந்து சிறிய வலயத்துக்குக் குறையுங்கள். அந்த வலயத்துக்குள் இருக்கும் முகத்தையே முதலில் தேடும்.

கட்டம் தவறினால் திரையைத் தொட்டு, அல்லது குமிழைத் தள்ளி, சரியான முகத்துக்கு மாற்றுங்கள். இதை வீட்டில் பழகிவிட்டுப் போக வேண்டும். தாலி கட்டும் நேரத்தில் பழக முடியாது.

முகம் கண்டறிதலை அணைக்கவும் போடவும் ஒரு பொத்தானை ஒதுக்குங்கள். என்னிடம் கமரா கொண்டுவரும் எல்லோருக்கும் நான் கட்டாயப்படுத்திச் செய்துகொடுக்கும் ஒரே மாற்றம் இதுதான். தாலி கட்டும்போது மணமகன் குனிவார், ஐயரின் கை குறுக்கே வரும், பின்னால் இருபது பேர் கைத்தொலைபேசியுடன் எட்டிப் பார்ப்பார்கள். அந்த நேரம் கண்டறிதலை அணைத்து, ஒற்றைப் புள்ளியைத் தாலிக்கொடியிலோ மணமகளின் கண்ணிலோ வையுங்கள். நல்லூர்த் திருவிழாவின்போது வெளிவீதியில் காவடி எடுப்பதற்கும் இதையே சொல்வேன். கூட்டத்துக்குள் எந்த முகம் வேண்டும் என்று கமராவுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

பழைய கமரா வாங்கியிருந்தால் பதிவுசெய்த முகங்கள் என்ற மெனுவைத் திறந்து பாருங்கள். ஒருமுறை வந்த கமரா குடும்பப் படங்களில் எப்போதும் சிறு பிள்ளைகளிடமே ஓடியது. மெனுவுக்குள் யாரோ ஒரு குழந்தையின் முகம், முன்னைய உரிமையாளர் பதிந்துவைத்தது. அழித்தவுடன் ஒழுங்குக்கு வந்துவிட்டது.

அறிகுறி 4: கட்டம் கண்ணில் நிற்கிறது, படம் தெளிவில்லை

கட்டம் கண்ணை அடையாளம் கண்டதைத்தான் காட்டுகிறது. ஷட்டர் திறந்த கணத்தில் கண் அதே இடத்தில் இருந்ததா, கை அசைந்ததா என்பதை அது சொல்லாது. கீழே உள்ள ஒழுங்கில் பாருங்கள்.

உண்மையிலேயே போகஸ் பிழையா? படத்தைப் பெரிதாக்குங்கள். எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அது கை அசைவு. பின்னணி தெளிவாகவும் ஆள் மட்டும் இழுபட்டும் இருந்தால் ஆள் அசைந்திருக்கிறார். இரண்டுக்கும் மருந்து வேகமான ஷட்டர். பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு 1/250க்குக் கீழே இறங்காதீர்கள், நடனத்துக்கு 1/500 வேண்டும். லென்ஸின் அசைவுதணிப்பு உங்கள் கையை மட்டும் தாங்கும், ஆடுபவரின் காலைத் தாங்காது. காது தெளிவாகவும் கண் மங்கலாகவும் இருந்தால்தான் போகஸ் விலகியிருக்கிறது.

பின்திரை ஏமாற்றுகிறதா? சில சோனி மொடல்களில் ரோ (பதப்படுத்தாத மூலக் கோப்பு) மட்டும் பதிவு செய்தால் பின்திரையில் தெரிவது சிறிய முன்னோட்டப் படம். பெரிதாக்கினால் மங்கலாகவே தெரியும். கணினியில் திறந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள். முகத்தோலை மென்மையாக்கும் செட்டிங் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

லென்ஸின் முன்னால் போட்ட மலிவான பில்டரைக் கழற்றுங்கள். விரல் ரேகையையும் துடையுங்கள்.

அப்பேச்சர் எவ்வளவு? முழுச்சட்டகக் கமராவில் (35 மி.மீ. பிலிம் அளவு சென்சர் உள்ளது) 85 மி.மீ. லென்ஸை எஃப்/1.8 இல் வைத்து இரண்டு மீற்றரில் நிற்பவரை எடுத்தால் தெளிவாக வரும் ஆழம் ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர். முன்னால் மூன்று, பின்னால் மூன்று. மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் இடையிலேயே அது முடிந்துவிடும். ஒரு மீற்றருக்குக் கிட்டப் போனால் ஒன்றரை சென்ரிமீற்றர்கூடத் தேறாது. ஒருவர் மூச்சு விடும்போது அவ்வளவு அசைகிறார். மணமக்கள் இருவரையும் ஒரே படத்தில் தெளிவாக எடுக்க வேண்டுமென்றால் எஃப்/2.8 அல்லது எஃப்/4 வையுங்கள், இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்துங்கள். எஃப்/1.4 லென்ஸ் வாங்கினால் எப்போதும் எஃப்/1.4 இலேயே எடுக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

ஒருமுறை பூட்டும் போகஸில் பிடித்துவிட்டு, சட்டகத்தை மாற்றி, பிறகு அழுத்துகிறீர்களா? இடையில் கண் விலகிவிடும். ஆட்களுக்குத் தொடர் போகஸே சரி. தொடர் போகஸிலும், போகஸ் வருமுன் ஷட்டரை விடும் முன்னுரிமை செட்டிங் இருக்கும். அதைப் போகஸ் பக்கம் தள்ளுங்கள். படங்களின் வேகம் சிறிது குறையும், பிழைத்த படங்களும் குறையும்.

இதற்குப் பிறகும் மங்கல் என்றால் சுவர்ச் சோதனை. அன்றைய உதயன் பத்திரிகையின் ஒரு பக்கத்தைச் சுவரில் தட்டையாக ஒட்டி, கமராவை முக்காலியில் நேரே வையுங்கள். ஓட்டோபோகஸில் ஐந்து படம், பிறகு திரையைப் பெரிதாக்கிக் கையால் போகஸ் செய்து ஐந்து படம். சிறிய எழுத்துகளை ஒப்பிடுங்கள். கைப்போகஸ் தெளிவாகவும் ஓட்டோ மங்கலாகவும் இருந்தால் ஓட்டோபோகஸ் பிழைக்கிறது. இரண்டிலும் பக்கத்தின் ஒரு ஓரம் மட்டும் மங்கினால் லென்ஸின் உள்கண்ணாடி அச்சு விலகியிருக்கிறது, விழுந்த லென்ஸ்களில் இது சாதாரணம். அதை வீட்டில் திறக்காதீர்கள்.

டிஎஸ்எல்ஆரில் இன்னொரு சோதனை: லைவ் வியூவில் தெளிவாகவும் வியூஃபைண்டரில் எடுத்தால் மங்கலாகவும் வந்தால் போகஸ் நுண்திருத்தம் தேவை. விலை கூடிய மொடல்களில் மெனுவிலேயே செய்யலாம், மற்றவற்றில் பழுதுபார்ப்பவர் செய்ய வேண்டும். மிரர்லெஸ்ஸில் (உள்ளே கண்ணாடி இல்லாத கமராவில்) சென்சரே அளப்பதால் இந்தத் திருத்தம் பொதுவாகத் தேவைப்படாது.

அறிகுறி 5: மண்டபத்து இருட்டில் போகஸ் முன்னும் பின்னும் அலைகிறது

மின்குமிழ் வெளிச்சத்தில் போகஸ் உதவி விளக்கு எரியவில்லையே என்று கேட்பார்கள். பெரும்பாலான கமராக்களில் தொடர் போகஸில் அது எரியாது, ஒருமுறை பூட்டும் முறையில் மட்டுமே எரியும். லென்ஸ் ஹூட் மறைத்திருந்தாலும் பயனில்லை. டிஎஸ்எல்ஆர் காலத்துப் பிளாஷ் உமிழும் சிவப்புக் கோடுகளைப் பெரும்பாலான மிரர்லெஸ்கள் பயன்படுத்துவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பிளாஷ் அடிப்பவர்கள் எஃப்/8, ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ 100 என்று வைத்தால் திரை கறுத்துவிடும், முகம் இருக்குமிடமே தெரியாது. செட்டிங்கின் விளைவைத் திரையில் காட்டும் வரியை அணைத்துவிடுங்கள்.

மேடையில் நீலமும் ஊதாவும் கலந்த எல்ஈடி விளக்கு மட்டும் இருந்தால் முகத்தில் ஏற்றத்தாழ்வு தெரியாது. விளக்குக்காரரிடம் முன்பக்கம் ஒரு வெள்ளை விளக்குக் கேளுங்கள். நிகழ்ச்சிக்கு முன் தன்மையாகக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. இல்லாவிட்டால் கையில் சிறிய எல்ஈடி விளக்கு ஒன்று வைத்திருங்கள். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் மலிவான விளக்குகள் வினாடிக்கு 100 தடவை துடிக்கும். படத்தில் பட்டை பட்டையாக விழுந்தால் ஷட்டரை 1/100க்கு இறக்குங்கள், அல்லது துடிப்புத் தணிப்பைப் போடுங்கள்.

ஓமப் புகை கிளம்பும் நேரத்தில் எந்தக் கமராவும் அலையும். புகை விலகும் பக்கம் நீங்கள் நகர்வதைத் தவிர வழியில்லை.

அறிகுறி 6: வெயிலுக்கு எதிராக எடுத்தால் முகம் பிடிபடவில்லை

பண்ணைக் கடலோரத்தில் பின்னேரம் சூரியன் ஆளின் முதுகுப்பக்கம் இருக்க எடுக்கும் படங்கள். முகம் நிழலாகிவிட்டது, அதனால் பிடிபடவில்லை. கமராவில் எக்ஸ்போஷரை ஒன்று அல்லது ஒன்றரைப் படி கூட்டுங்கள். ஒரு ரெஜிபோம் அட்டையை முகத்துக்குக் கீழே பிடித்தால் போதும், கட்டம் உடனே விழும். சூரியன் நேரே லென்ஸில் விழாமல் ஒரு அடி தள்ளி நில்லுங்கள்.

அறிகுறி 7: வீடியோவில் முகம் தெளிந்து தெளிந்து மங்குகிறது

கெனன் எம்50இல் 4கே வைத்திருக்கிறீர்களா? அதில் 4கே போட்டால் வேகமான இரட்டைப்பிக்சல் போகஸ் வேலை செய்யாது. 1080இல் எடுங்கள், உடனே வித்தியாசம் தெரியும். 2023இல் வந்த எஸ்5 மார்க் 2க்கு முந்திய பனசோனிக்குகள் எல்லாம் மாறுபாட்டை மட்டும் வைத்துப் போகஸ் தேடுபவை. அவற்றில் இந்தத் துடிப்பு இயல்பு. பேச்சாளர் ஒரே இடத்தில் நின்றால் கைமுறையில் பூட்டிவிடுங்கள்.

மற்றக் கமராக்களில் போகஸ் மாறும் வேகத்தையும் உணர்திறனையும் ஒவ்வொரு படி குறையுங்கள். குறுக்கே ஆள் நடந்து போகும்போது கட்டம் அவரோடு ஓடாது.

அறிகுறி 8: நேற்று வரை நன்றாக இருந்தது

குளிரூட்டிய மண்டபத்திலிருந்து வெளியே வந்தவுடனா? கண்ணாடியில் நீராவி படிந்திருக்கும். துடைக்காதீர்கள். பைக்குள் வைத்து மூடி, கால் மணி நேரம் விடுங்கள்.

கசூரினாக் கடற்கரைக்குப் போய் வந்த பிறகா? உப்புக்காற்று லென்ஸும் கமராவும் தொடும் மின்முனைகளில் படியும். கமராவை அணைத்து, லென்ஸைக் கழற்றி, இரண்டு பக்கத்து முனைகளையும் நூல் உதிராத உலர்ந்த துணியால் துடையுங்கள். போகாவிட்டால் துணியில் ஐசோபுரொபைல் அல்ககோல் ஒரு துளி. அழிறப்பரால் தேய்க்கும் பழக்கம் இங்கே இருக்கிறது, அதன் துகள் உள்ளே போய்ச் சென்சரில் விழும்.

மாரி மழைக்குப் பிறகா? லென்ஸுக்குள் டோர்ச் அடித்துச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை போல வெள்ளைக் கிளைகள் தெரிந்தால் பூஞ்சணம். படம் முழுக்க வெளிறி, முகத்தைப் பிடிக்கும் திறனும் குறையும். பிடித்துவிட்டால் பிரித்துத்தான் துடைக்க வேண்டும், வீட்டில் முடியாது. மற்ற லென்ஸ்களோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.

உடனே நிறுத்திக் கொடுக்க வேண்டியவை: கமராவோ லென்ஸோ விழுந்திருந்தால், கடல்நீர் பட்டிருந்தால், போகஸ் செய்யும்போது கரகரவென்று சத்தம் வந்தால், போகஸ் வளையம் ஓரிடத்தில் இறுகினால். கடல்நீர் பட்டதைப் போட்டுப் பார்க்கவே வேண்டாம். பற்றரியை உடனே கழற்றி அப்படியே கொடுங்கள். அரிசிப் பானைக்குள் புதைக்காதீர்கள், தவிட்டுத் தூள் உள்ளே போய்விடும்.

கொழும்புக்கு அனுப்புவதானால் பற்றரியையும் மெமரி அட்டையையும் கழற்றிவிடுங்கள். பிழை வரும் லென்ஸையும் சேர்த்தே அனுப்புங்கள், உடல் மட்டும் போனால் அங்கே அந்தப் பிழை வராமலே திரும்பி வரும். முற்றத்துச் சோதனையில் எடுத்த பத்துப் படத்தையும் பத்திரிகைப் படங்களையும் ஒரு பென்டிரைவில் போட்டு, எந்த அறிகுறி, எந்த லென்ஸ், என்னென்ன பார்த்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். சீரியல் இலக்கத்தைப் படமெடுத்து உங்கள் தொலைபேசியில் வைத்திருங்கள்.